நினைவு தப்பவில்லை

கட்டுகஸ்தோட்டை, கண்டி
2003 பெப்ரவரி 20

அன்புள்ள அப்பாவுக்கு,

செவ்வாய்க்கிழமை டொக்டரின் அறையை விட்டு வந்ததிலிருந்து கொழும்பு கோட்டை ஸ்டேஷன் வரைக்கும் நான் உங்களிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. ரயிலிலும் பேசவில்லை. கடுகண்ணாவையில் நீங்கள் வடை வாங்கி நீட்டியபோது தலையை மட்டும் ஆட்டினேன். பேராதனைச் சந்தியில் நான் கண்டிக்கு மாற இறங்கினேன், நீங்கள் அதே ரயிலில் கம்பளைக்குப் போனீர்கள். போய்வருகிறேன் என்றுகூட நான் சொல்லவில்லை.

அன்று சொல்லாததை இப்போது எழுதுகிறேன். "ஏம்ப்பா வாயத் தொறந்தீங்க?" என்று உங்களிடம் கேட்கவில்லை. "அப்பாவுக்கு ஞாபகம் பிசகிவிட்டது, அப்படி ஒன்றும் நடக்கவில்லை" என்று டொக்டரிடம் சொல்லவில்லை. அதைச் சொல்லியிருந்தால் ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்திருக்கும்.

விமானிகளுக்கான பரிசோதனையில் கண், காது, இருதயம், இரத்தம் எல்லாம் சரியாக இருந்தன. நிறப் புள்ளிகளுக்குள் ஒளிந்திருந்த எண்களை ஒன்றுவிடாமல் படித்தேன். கடைசிப் பக்கத்தில் குடும்ப விவரம். யாருக்கு நீரிழிவு, யாருக்கு வலிப்பு என்று கேட்டார்கள். அப்பத்தா எதனால் இறந்தார் என்று எனக்குத் தெரியாது. அதனால் வெளியே கதிரையில் உட்கார்ந்திருந்த உங்களை நான்தான் உள்ளே கூப்பிட்டேன். அது என் பிழை.

"மகள் எப்போதாவது மயங்கி விழுந்திருக்கிறாளா?" என்று அவர் சிங்களத்தில் கேட்டார். நீங்கள் உங்கள் லொறிக்காரச் சிங்களத்தில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பதில் சொன்னீர்கள். விழவில்லை, ஆனால் பதினாறு வயதில் திருவிழாவில் அம்மன் வந்தது, ஒரு மணித்தியாலம் மகள் இந்த உலகத்திலேயே இல்லை, பிறகு கேட்டால் ஒன்றும் ஞாபகம் இல்லை என்றாள். ஏதோ நான் பரிசு வாங்கிய கதையைச் சொல்வதுபோலச் சொன்னீர்கள். அவர் பேனை ஒருமுறை நின்றது. பிறகு எழுதியது. எதிர்ப்பக்கத்திலிருந்து தலைகீழாக நான் வாசித்தேன்: காரணம் தெரியாத நினைவிழப்பு, ஒரு மணித்தியாலம்.

இதன் பொருள் உங்களுக்கு முழுதாக விளங்கியிருக்காது. அந்த முதலாந்தர மருத்துவச் சான்றிதழ் இல்லாமல் என்னைத் தனியாகப் பறக்க விடமாட்டார்கள். இதுவரை பதினேழு மணித்தியாலம் பயிற்றுநர் பஹ்மி சேரைப் பக்கத்தில் வைத்துப் பறந்திருக்கிறேன். "அடுத்த சனிக்கிழமை நான் எறங்கிக்குவன், நீங்க தனியப் போவீங்க" என்று அவர் சொல்லியிருந்தார். தொழிலுக்கான உரிமம் எடுக்க இருநூறு மணித்தியாலம் வேண்டும். பெரிய விமானத்துக்குத் தலைமை விமானியாக இருக்க ஆயிரத்து ஐந்நூறு. ஒரு மணித்தியாலம் பறக்க நான் டியூட்டரியில் இரண்டு வாரம் கணிதம் படிப்பிக்க வேண்டும். நீங்கள் கம்பளையில் வீடு கட்டுவதற்கென்று வாங்கிப் பிறகு எனக்காக விற்ற பத்து பேர்ச்சஸ் காணியின் பணத்தில் முக்கால்வாசி இன்னும் வங்கியில் இருக்கிறது. பறக்க அனுமதி இல்லை.

இனி ஒரு நரம்பு வைத்தியர் பார்த்து, எனக்கு வலிப்பு நோய் இல்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அது தீரும்வரை நான் வீட்டுக்கு வரமாட்டேன். வந்தால் உங்களிடம் எதையாவது சொல்லிவிடுவேன்.

பவளராணி

*

கம்பளை
26.2.2003

அன்பு மகள் பவளத்துக்கு அப்பா எழுதுவது.

நானும் அம்மாவும் சுகம். லொறிக்குப் பின் டயர் இரண்டும் மாற்ற வேண்டும். நுவரெலியாவில் லீக்ஸ் விலை இறங்கிவிட்டது. உன் கடிதத்தை வீட்டில் பிரிக்கவில்லை, மார்க்கட்டுக்குப் பின்னால் லொறிக்குள் உட்கார்ந்து வாசித்தேன்.

நான் என்ன பொய்யா சொன்னேன்? ஆகாயத்தில் போகிற பிள்ளைக்கு அம்மன் துணை இருக்கிறது என்று தெரிந்தால் அந்த டொக்டர் இன்னும் இரண்டு மார்க் கூடப் போடுவார் என்றுதான் நினைத்தேன். அதைப் போய் வியாதி என்று எழுதுவார் என்று எனக்கு எப்படித் தெரியும்? அவருடைய மேசைக்குப் பின்னால் அவரே ஒரு சாமி படம் மாட்டி, பூ வைத்திருந்தார். நீ பார்க்கவில்லையா?

ஒன்றை மறந்துவிடாதே. நீ ஓ.எல். பரீட்சை எழுதி முடித்ததும் கடுகண்ணாவை அக்கா பாப்பம்மாவின் மகன் செல்லச்சாமிக்கு உன்னைக் கொடுப்பதாக நான் வாக்குக் கொடுத்திருந்தேன். தட்டு மாற்ற நாளும் பார்த்தாகிவிட்டது. அந்தத் திருவிழாவில் அம்மன் உன் மேல் இறங்கி, ஊர் மொத்தமும் கேட்க, "இவளப் படிக்க விடு. இவ கேக்குறதக் குடு. நீ குடிக்கிறத நிப்பாட்டு" என்று சொன்னதால்தான் அந்த வாக்கை மீறினேன். உன் காலில் விழுந்து எழுந்தவன் இந்த ஆறு வருடமாக ஒரு சொட்டுத் தொட்டதில்லை. நீ விமானம் ஓட்டப் படிக்கிறேன் என்று வந்து நின்றபோது, வேறு தகப்பனாக இருந்தால் இவளுக்குப் பைத்தியமா என்று கேட்டிருப்பான். நான் கேட்கவில்லை. கேட்கிறதைக் கொடு என்று அம்மன் சொல்லியிருந்தது, காணியைக் கொடுத்தேன். கோயில் கமிட்டிக்கு என்னைத் தலைவராக வைத்திருப்பதும் அதனால்தான்.

ஆகவே அம்மனை நோய் என்று சொல்கிற டொக்டருக்காக நீ என்னோடு கோபித்துக்கொள்வது நியாயமில்லை. அம்மா நெத்தலி பொரித்துப் போத்தலில் போட்டு பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடுகிறாள். வாங்கிக்கொள்.

அப்பா

*

கட்டுகஸ்தோட்டை
2003 மார்ச் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

நெத்தலி கிடைத்தது. அம்மாவிடம் சொல்லுங்கள்.

நரம்பு வைத்தியரிடம் போனேன். கண்டிப் பெரியாஸ்பத்திரியில் வேலை செய்பவர், மாலையில் குளத்துக்கு மேலே உள்ள வீதியில் தனியாகப் பார்க்கிறார். தலை முழுவதும் பசை தடவி, கம்பிகளை ஒட்டி, கண்ணை மூடச் சொல்லி, திறக்கச் சொல்லி, வெளிச்சத்தை விட்டு விட்டு அடித்து, கடதாசியில் என் மூளையை வரைந்தார்கள். கோடுகள் ஒழுங்காக இருந்தன. ஆனால் அது போதாது என்றார் அவர். "இது இன்றைய மூளை. ஆறு வருடத்துக்கு முன்பு நடந்ததை நேரில் பார்த்தவர் வந்து சொல்ல வேண்டும். உங்கள் அப்பா வரட்டும்" என்றார். நானே சொல்கிறேன் என்றேன். "நினைவு தப்பியவர்களும் தப்பவில்லை என்றுதான் சொல்வார்கள், மகள்" என்றார்.

அவரிடம் நான் சொன்னதை உங்களிடமும் சொல்ல வேண்டும். இதை எழுத நான்கு நாள் எடுத்தேன்.

அன்றைக்கு எனக்கு நினைவு தப்பவில்லை. ஒரு கணமும் தப்பவில்லை. தப்பு மேளம் அடித்தவர்கள் எத்தனை பேர், யார் கையில் வேப்பிலை இருந்தது, பாப்பம்மா அத்தை என்ன நிறச் சேலை கட்டியிருந்தார், எல்லாம் எனக்குத் தெரியும். மாமரத்தடி அக்கா வருடாவருடம் ஆடுவதைப் பார்த்துப் பார்த்து, கால் எப்படி அடிக்க வேண்டும், தலை எந்தப் பக்கம் முதலில் விழ வேண்டும் என்று மூன்று நாள் கிணற்றடிக் குளியலறைக்குள் பழகினேன். படிக்க விடு, கேட்கிறதைக் கொடு என்பவை நான் யோசித்து வைத்த வசனங்கள். ஞாபகம் இல்லை என்று பிறகு சொன்னதும் நான் முடிவு செய்ததுதான்.

ஒன்றை மட்டும் நான் யோசித்து வைக்கவில்லை. குடியை நிறுத்து என்பது என் பட்டியலில் இருக்கவில்லை. அது வாயில் வந்தது. இதையும் உண்மையாகவே சொல்கிறேன்.

நான் நினைவோடுதான் இருந்தேன் என்று நீங்கள் வந்து சொன்னால் சான்றிதழ் கிடைக்கும். வைத்தியருடைய விலாசத்தைக் கீழே எழுதியிருக்கிறேன்.

பவளராணி

*

கம்பளை
13.3.2003

கடிதம் கிடைத்தது.

நான் எங்கும் வரமாட்டேன். எதிலும் கையெழுத்து வைக்கமாட்டேன். அம்மன் சன்னிதியில் நடந்ததைப் பொய் என்று சொல்வதற்கு எனக்கு வாய் இல்லை. ஊர் பார்க்க மகள் காலில் விழுந்தவன் நான். நீ பிளேன் ஓட்டுவதென்றால் ஓட்டு, விட்டால் விடு.

அம்மாவிடம் சொல்லவில்லை.

அழகையா

*

கட்டுகஸ்தோட்டை
2003 மார்ச் 24

அப்பாவுக்கு,

அழகையா என்று கையெழுத்து வைத்திருக்கிறீர்கள். வங்கிக்கும் லொறிக் காப்புறுதிக்கும் வைக்கிற கையெழுத்து. பரவாயில்லை. நான் அப்பா என்றே எழுதுவேன்.

சனிக்கிழமை இரத்மலானை விமான நிலையத்துக்குப் போனேன், பறக்க அல்ல. என் முறை வந்தால் இன்னொருவருக்குக் கொடுத்துவிடுங்கள் என்று சொல்லப் போனேன். பஹ்மி சேர் கண்டிக்குப் பக்கத்துக் கலகெதரக்காரர் என்பதால் ஊர்ப்பக்கம் என்று என்னிடம் கொஞ்சம் உரிமையோடு பேசுவார். "இவ்வளவு கஷ்டம் என்னத்துக்கு? அண்டைக்கு வாப்பா குடிச்சிருந்தாரு, அவரு சொல்றதுக்குக் கணக்கில்லன்னு ரெண்டு வரி எழுதிக் குடுங்களேன். முடிஞ்சிச்சி" என்றார்.

அது பொய்யும் இல்லை. நீங்கள் அன்று குடித்திருந்தீர்கள். உண்மையான இரண்டு வரி. அதைக் கொடுத்தால் அடுத்த மாதமே நான் மேலே போகலாம். நான் மாட்டேன் என்றேன். ஆறு வருடமாகக் குடிக்காத ஒருவரை எழுத்தில் குடிகாரராக்கி வாங்கும் சான்றிதழை நான் எந்தப் பையில் வைத்துக்கொள்வேன்?

ஆனால், அப்பா, நான் உங்களிடம் மன்னிப்பும் கேட்கவில்லை. கேட்கப்போவதும் இல்லை. பதினாறு வயதில் எனக்கு வேறு என்ன வாய் இருந்தது? அம்மா சொன்னார், "நீ சோத்தப் போடு" என்றீர்கள். கணித டீச்சர் கண்டியிலிருந்து பஸ் ஏறி வந்து சொன்னார், தேத்தண்ணி கொடுத்து அனுப்பினீர்கள். நான் சொன்னேன், கேட்கவே இல்லை. நம் வீட்டில் நீங்கள் நின்று கேட்ட ஒரே பெண்குரல் அம்மனுடையது. அதனால் அதை எடுத்துக்கொண்டேன். இன்றைக்கும் அந்த இடத்தில் நிறுத்தினால் அதையேதான் செய்வேன், இன்னும் நன்றாகச் செய்வேன்.

நீங்கள் வராவிட்டால் நான் நின்றுவிடுவேன் என்று நினைக்கவேண்டாம். மேல்முறையீடு செய்ய ஒரு விண்ணப்பம் இருக்கிறது, வாங்கி வைத்திருக்கிறேன். அதுவும் தவறினால் ஒரு வருடம் கழித்து மறுபடி கேட்கலாம், அதற்கடுத்த வருடமும் கேட்கலாம். எழுத்துப் பரீட்சைகளுக்கு மருத்துவச் சான்றிதழ் கேட்பதில்லை. வானிலை, வழிகாணல், விமானச் சட்டம் எல்லாவற்றையும் இப்போதே எழுதி முடிக்கப்போகிறேன். வகுப்பு விட்டதும் நூலகத்தில் மேகங்களைப் பற்றிப் படிக்கிறேன். வெளியே வந்தால் ஹந்தானை மலைக்கு மேல் அதே மேகம் நிற்கிறது. அதற்குள் காற்று எந்தப் பக்கம் ஓடுகிறது என்று எனக்கு இப்போது தெரியும்.

உங்கள் மகள்
பவளராணி

*

கம்பளை
5.4.2003

அன்பு மகள் பவளத்துக்கு அப்பா எழுதுவது.

நீளமாக எழுதப்போகிறேன். லொறியைக் கராஜில் விட்டிருக்கிறேன், வேலை இல்லை.

முதலில் அம்மா. உன் கடிதங்களை லொறியில் சீற்றுக்குக் கீழே வைத்திருந்தேன். அவள் சீற் உறையைத் துவைக்க எடுத்தபோது எல்லாவற்றையும் வாசித்துவிட்டாள். நான் வந்ததும் சோறு போட்டு வைத்துவிட்டு, "எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றாள். "தெரிஞ்சா ஏண்டி சொல்லல?" என்றேன். "நீங்க மறுநாளே போத்தலக் கொண்டுபோய் ஆத்துல வீசுனீங்க. நா எதுக்குச் சொல்லிக் கெடுக்கணும்?" என்றாள். ஆறு வருடம், பவளம். உன் அம்மா இந்த ரத்தினம்மாவோடு ஒரே வீட்டில் இருக்கிறேன்.

பிறகு கடுகண்ணாவைக்குப் போனேன். வாக்கு மீறியது அம்மன் சொல்லி அல்ல, மகள் சொல்லி என்றால் அதை அக்காவிடம் நான்தான் சொல்ல வேண்டும். அக்கா முற்றத்திலேயே நிற்க வைத்தாள். "சாமி சொல்லுச்சுன்னுதானே வாய மூடிக்கிட்டு இருந்தேன். ஒம் மகளுக்கா நான் வாய மூடுனேன்?" என்று கேட்டாள். தண்ணீர்கூடத் தரவில்லை. செல்லச்சாமி டயர்க் கடையிலிருந்து எண்ணெய்க் கையோடு வந்தான். விஷயத்தைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தான். "மாமா, அம்மனோ பவளமோ, யாரா இருந்தாலும் நா ஒரு தேங்கா ஒடைக்கணும். அவளக் கட்டியிருந்தா இந்நேரம் பிளேனுக்கு டயர் மாத்திக்கிட்டு இருப்பேன்" என்றான். அவனுடைய மூன்று பிள்ளைகளும் சேர்ந்து சிரித்தன. லொறிக்கு இரண்டு டயரும் அவனே போட்டான். காசு வாங்கினான், அது வேறு.

திரும்பி வரும்போது அந்த மலைப்பாதை வளைவுகளில் லொறியைத் தாழ்ந்த கியரில் விட்டு மெதுவாக வந்தேன். அன்றைக்கு நடந்ததை முதலிலிருந்து பார்த்துக்கொண்டு வந்தேன். ஆறு வருடமாக அம்மன் சொன்ன வார்த்தையைத்தான் நினைத்திருந்தேன், உன்னைப் பார்த்தது நினைவுக்கு வரவில்லை. இப்போது வந்தது.

வியாழக்கிழமை கண்டி மார்க்கட்டில் லோட் இறக்கிவிட்டு, உன்னிடம் சொல்லாமல், நீ எழுதிய விலாசத்துக்குப் போனேன். சாரத்தை மாற்றிக் காற்சட்டை போட்டுக்கொண்டுதான் போனேன். நம்பர் எடுத்து இரண்டு மணித்தியாலம் இருந்தேன். நீ சொன்ன அந்த வைத்தியர் நல்ல மனிதர், தமிழும் கொஞ்சம் பேசுகிறார். என்ன பார்த்தீர்கள், அதை மட்டும் சொல்லுங்கள் என்றார். சொன்னேன். கீழே விழவில்லை. நாக்கைக் கடிக்கவில்லை. எலுமிச்சம்பழத்தை வாயில் வைத்தபோது விதையைத் துப்பினாள். மஞ்சள் தண்ணீர் கொட்டிக் கிடந்த இடத்தில் பாவாடையைத் தூக்கிப் பிடித்துத் தாண்டினாள். தப்புக்காரன் காலை மிதிக்காமல் சுற்றிப் போனாள். நான் காலில் விழுந்தபோது, இரண்டு காலையும் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

சாமி காலை இழுத்துக்கொள்ளாது, பவளம். அப்பன் விழுந்தால் மகள்தான் இழுத்துக்கொள்வாள். அது அன்றைக்கே என் கையில் பட்டது.

வைத்தியர் எழுதிக்கொண்டே, "அப்போ நடிப்புத்தானே?" என்றார்.

நான் சொன்னேன்: "அது ஒங்க வேல இல்ல சேர். புள்ளக்கி நெனவு தப்புச்சா இல்லையான்னு கேட்டீங்க. தப்பல. அத எழுதுங்க. அம்மன் வந்துச்சா இல்லையாங்கிறது எனக்கும் அம்மனுக்கும் உள்ள கணக்கு. அம்மன் வந்தா மயங்கித்தான் ஆகணும்னு எந்தச் சட்டத்துல இருக்கு?"

அவர் சிரிக்கவில்லை. நான் சொன்னதை வாசித்துக் காட்டினார். கையெழுத்து வைத்தேன்.

நீ யோசித்து வைத்த இரண்டு பேச்சும் உன்னுடையவை. சரி, எடுத்துக்கொள். யோசிக்காமல் வந்தது என்றாயே, என் குடியைப் பற்றியது, அது யாருடையது? நீ நிறையப் படித்தவள். தெரிந்தால் எழுது. தெரியாவிட்டால் அதை எனக்கு விட்டுவிடு.

நேற்றுக் கோயில் கமிட்டியில் சாவியைக் கொடுத்துவிட்டேன். யாரும் கேட்கவில்லை, நானே கொடுத்தேன். ஒவ்வொரு திருவிழாவிலும் ஆடி வருகிற பிள்ளைகள் முன்னால் போய் நின்று, யார் வந்திருக்கிறது, என்ன வேண்டும் என்று கேட்பது என் வேலையாக இருந்தது. இனி யார் ஆடினாலும் நான் முகத்தைப் பார்க்கமாட்டேன், காலைத்தான் பார்ப்பேன். அப்படிப்பட்டவன் அந்த இடத்தில் நிற்கக் கூடாது.

உன்மேல் கோபம் தீரவில்லை. அதையும் எழுதிவிடுகிறேன்.

அப்பா

*

கட்டுகஸ்தோட்டை
2003 மே 25

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் கேட்டதற்கு எனக்குப் பதில் தெரியாது. அதை உங்களுக்கே விட்டுவிடுகிறேன்.

கோபம் தீராமல் இருக்கட்டும். எனக்கும் முழுதாகத் தீரவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருகிறேன். பாப்பம்மா அத்தையைப் பார்க்கவும் போவேன், தனியாக. தண்ணீர் தராவிட்டாலும் முற்றத்தில் நிற்பேன்.

மருத்துவச் சான்றிதழ் இம்மாதம் பதின்மூன்றாம் திகதி தபாலில் வந்தது. முதலாந்தரம். மூன்று மாத இடைவெளிக்காக இன்னும் நான்கு மணித்தியாலம் பஹ்மி சேரோடு பறக்க வேண்டியிருந்தது. அதற்கு என் இரண்டு மாதச் சம்பளம் போனது. வானிலைப் பரீட்சையிலும் சட்டப் பரீட்சையிலும் சித்தியடைந்துவிட்டேன். வழிகாணலில் தவறிவிட்டேன், ஆகஸ்ட்டில் மறுபடி எழுதுவேன்.

நேற்று, சனிக்கிழமை காலை ஒன்பது இருபதுக்கு, இரத்மலானை ஓடுபாதையின் ஓரத்தில் பஹ்மி சேர் இறங்கிக் கதவைச் சாத்தினார். நான் தனியாக மேலே போய், கடலுக்கு மேல் திரும்பி, ஒரு சுற்றுச் சுற்றி இறங்கினேன். ஏழு நிமிடம்.

பவளராணி